டப்பாவில் ஏன் குழந்தைப் படம் இல்லை?

மருந்துக் கடை அலமாரியைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். பிஸ்கட் பாக்கெட்டிலும், சோப்பு அட்டையிலும், பவுடர் டப்பாவிலும் கொழுகொழுவென்று குழந்தைகள் சிரித்துக்கொண்டிருக்கும். ஆனால் கைக்குழந்தைக்கென்றே விற்கும் பால் பவுடர் டப்பாவில் மட்டும் குழந்தையின் படம் இருக்காது. தாயின் படமும் இருக்காது. மாறாக, உங்கள் குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்தது என்று பெரிய எழுத்துகளில் ஓர் அறிவிப்பு இருக்கும். ஒரு பொருளை விற்பவர், அதைவிடச் சிறந்தது வேறொன்று உண்டு என்று அந்தப் பொருளின் மேலேயே அச்சிட்டு விற்கிறார்!

எந்த வணிகரும் தாமாக முன்வந்து இப்படிச் செய்வதில்லை. இந்திய நாடாளுமன்றம் 1992-இல் இயற்றிய ஒரு சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்தச் சட்டம் டெல்லியில் மட்டும் பிறந்ததன்று. அதன் வேர்கள் சிங்கப்பூர், பெர்ன், மினியாபோலிஸ், ஜெனீவா, ஃபிளாரன்ஸ் என்று பல ஊர்களில் ஓடுகின்றன. மருத்துவர்கள், கன்னியாஸ்திரீகள், நுகர்வோர் சங்கங்கள், ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள், அரசுகள் எனப் பலர் அதற்கு உழைத்திருக்கிறார்கள். ஒரு டப்பாவின் மேலுள்ள படத்தை நீக்க இத்தனை பேர் ஏன் தேவைப்பட்டார்கள்? இவர்களுள் யார் எந்த வேலையைச் செய்தார்கள்?

சப்பினால் சுரக்கும்

தாய்ப்பால் போதவில்லை என்றால் புட்டிப்பால் கொடுப்பதில் என்ன தவறு என்று சிலர் கேட்கலாம். இதற்கு விடை தாயின் உடலிலேயே இருக்கிறது.

தாய்ப்பால் தொட்டியில் நிரப்பி வைத்த நீரைப் போன்றதன்று. மணலில் தோண்டிய ஊற்றைப் போன்றது. இறைக்க இறைக்கத்தான் ஊறும். குழந்தை மார்பைச் சப்பும்போது அந்தத் தூண்டுதல் நரம்புகள் வழியாக மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை எட்டுகிறது. அங்கிருந்து இரண்டு ஹார்மோன்கள் இரத்தத்தில் கலக்கின்றன. புரோலாக்டின் என்பது பாலைச் சுரக்கச் செய்கிறது. ஆக்சிடோசின் என்பது சுரந்த பாலை வெளியே தள்ளுகிறது. சப்புவது குறைந்தால் சுரப்பும் குறையும். பால் கட்டி நின்றாலும் சுரப்பு மட்டுப்படும்.

இப்போது ஒரு தாய்க்கு மருத்துவமனையிலேயே இலவசமாக ஒரு டப்பா பால் பவுடர் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புட்டியில் வயிறு நிரம்பிய குழந்தை மார்பை நாடுவதில்லை. சில வாரங்களில் இலவச டப்பா தீர்ந்துவிடும். அதற்குள் தாயின் பாலும் குறைந்துபோயிருக்கும். அடுத்த டப்பாவை அவள் காசு கொடுத்து வாங்கித்தான் ஆகவேண்டும். இலவச மாதிரிச் சோப்பைத் தேய்த்துப் பார்த்தவர், மறுநாள் பழைய சோப்புக்குத் திரும்பிவிடலாம். இந்தத் தாய்க்கோ அவ்வாறு திரும்பும் வழி நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே போகிறது.

ஏழைக் குடும்பத்தில் இதன் பின்விளைவு கொடியது. நாலு நாளில் தீரவேண்டிய டப்பாவைப் பத்து நாளுக்கு இழுக்க வேண்டியிருக்கும். பவுடர் குறையும், தண்ணீர் கூடும். குழந்தையின் வயிறு நிரம்பும், உடல் தேறாது. அந்தத் தண்ணீரும் கிணற்றிலோ குளத்திலோ எடுத்ததாக இருக்கலாம். புட்டியின் கழுத்திலும் ரப்பர் காம்பின் மடிப்பிலும் தங்கும் பால் கிருமிகளுக்கு நல்ல விளைநிலம். தாய்ப்பாலிலுள்ள நோயெதிர்ப்புப் பொருள்களும் அந்தக் குழந்தைக்குக் கிடைப்பதில்லை. முடிவு, வயிற்றுப்போக்கு; பிறகு சத்துக்குறைவு; மறுபடியும் வயிற்றுப்போக்கு.

உலகெங்கும் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் தக்கபடி தாய்ப்பால் கிடைத்தால் ஆண்டுதோறும் சுமார் 8,23,000 குழந்தைகளின் இறப்பைத் தவிர்க்கலாம் என்று 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

சிங்கப்பூரில் ஒரு குரல்

இந்த ஆபத்தை முதலில் கண்டவர்கள் மருத்துவர்கள். அவர்களுள் முக்கியமானவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண்மணி. ஜமைக்காவில் பிறந்த இவர் 1930-களில் ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட் நாட்டில், அதாவது இன்றைய கானாவில், பணியாற்றினார். குழந்தைகளின் கால்கள் வீங்கி, தலைமயிர் நிறம் மாறி, அவர்கள் சோர்ந்து கிடக்கும் ஒரு நோயை அங்கே அவர் ஆராய்ந்தார். அது சத்துக்குறைவால் வருவது என்று மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தவர் அவரே. உள்ளூர் மக்கள் சொல்லிவந்த குவாஷியோர்க்கர் என்னும் பெயரையே அதற்கு வழங்கினார். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலை இழக்கும் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

பின்னர் மலாயாவுக்கு வந்த அவர் வேறொரு காட்சியைக் கண்டார். சர்க்கரை சேர்த்துச் சுண்டவைத்த டப்பாப் பால் கைக்குழந்தைகளுக்கு ஏற்ற உணவு என்று விளம்பரம் செய்யப்பட்டு வந்தது. அதை உண்ட குழந்தைகள் மருத்துவமனையில் மாண்டுகொண்டிருந்தன. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் "பாலும் கொலையும்" என்று பொருள்படும் தலைப்பில் அவர் பேசினார். பொருந்தாத உணவைப் பரப்பிக் குழந்தைகளைச் சாகவிடுவது கொலைக்குச் சமம் என்பதே அவர் பேச்சின் சாரம்.

ஆனால் மருத்துவரிடம் இருப்பது சான்று மட்டுமே. விளம்பரத்தை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. சிசிலி வில்லியம்ஸ் 1948-இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். அப்படியிருந்தும், அவர் சிங்கப்பூரில் பேசியது உலகத்தின் தீர்மானமாக மாற மேலும் 42 ஆண்டுகள் ஆயின.

நீதிமன்றமும் கடைத்தெருவும்

சான்றை மக்களிடம் கொண்டுசென்றவை தன்னார்வ அமைப்புகள். 1974-இல் பிரிட்டனின் "வார் ஆன் வான்ட்" என்னும் அமைப்பு, ஏழை நாடுகளில் பால் பவுடர் விற்கப்படும் முறையைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டது. செவிலியர் போல உடையணிந்த விற்பனைப் பெண்கள் தாய்மாரைத் தேடிச் சென்ற கதையெல்லாம் அதில் இருந்தது. சுவிட்சர்லாந்தில் ஒரு குழுவினர் அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார்கள். "நெஸ்லே குழந்தைகளைக் கொல்கிறது" என்று பொருள்படும் தலைப்பையும் அதற்கு இட்டார்கள். நிறுவனம் அவதூறு வழக்குப் போட்டது.

1976-இல் பெர்ன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைப்பு அவதூறானது என்று கூறி, குழுவினருக்குத் தலைக்கு 300 ஃபிராங்க் அபராதம் விதித்தது. அதே நீதிபதி, நிறுவனமும் தன் விளம்பர முறைகளை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று கூறினார். வழக்கில் வென்றவர் யார் என்பதைவிட, வழக்கினால் செய்தி உலகெங்கும் பரவியது என்பதே முக்கியம்.

அதே ஆண்டு அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. பிரிஸ்டல் மையர்ஸ் என்னும் மற்றொரு பால் பவுடர் நிறுவனத்தில் பங்குகள் வைத்திருந்த கன்னியாஸ்திரீகள், பங்குதாரர் என்ற உரிமையைக் கொண்டே அந்த நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்தார்கள். விற்பனை முறையைப் பற்றிப் பங்குதாரர்களுக்குச் சரியான தகவல் தரப்படவில்லை என்பது அவர்கள் வாதம். வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. 1977 ஜூலை 4-ஆம் நாள் மினியாபோலிஸ் நகரில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1978 மே மாதம் செனட்டர் எட்வர்ட் கென்னடியின் தலைமையில் அமெரிக்க செனட் குழு விசாரணை நடத்தியது.

தன்னார்வ அமைப்புகளிடம் குரல் இருந்தது. ஆனால் நாடுகளைக் கூட்டி முடிவெடுக்கும் தகுதி அவற்றுக்கு இல்லை. அந்தத் தகுதி ஐ.நா. நிறுவனங்களுக்குத்தான் உண்டு.

ஜெனீவாவில் ஒரே மேசை

1979 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனமும், ஐ.நா. குழந்தைகள் நிதியமான யுனிசெஃப்பும் சேர்ந்து ஜெனீவாவில் ஒரு கூட்டத்தைக் கூட்டின. அரசுப் பிரதிநிதிகள், விஞ்ஞானிகள், தன்னார்வ அமைப்பினர், பால் பவுடர் நிறுவனத்தினர் ஆகிய எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தார்கள். விற்பனையை முறைப்படுத்த ஒரு சர்வதேச நெறிமுறை தேவை என்பது அங்கே முடிவாயிற்று. கூட்டம் முடிந்த கையோடு, அங்கு வந்திருந்த ஆறு தன்னார்வக் குழுக்கள் ஒன்றுகூடிச் சர்வதேசக் குழந்தை உணவு நடவடிக்கை வலையமைப்பை நிறுவின. ஐப்ஃபான் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இது, விற்பனை முறைகளை உலகெங்கும் கண்காணித்து அறிக்கை வெளியிடும் வேலையை மேற்கொண்டது. நுகர்வோர் இயக்கத்தைச் சேர்ந்த மலேசியரான அன்வர் ஃபசல் இதற்கு முன்னின்று உழைத்தவர்களுள் ஒருவர்.

நெறிமுறையின் வரைவு பலமுறை திருத்தப்பட்டது. 1981 மே 21-ஆம் நாள் உலக சுகாதாரப் பேரவையில் அது வாக்கெடுப்புக்கு வந்தது. 118 நாடுகள் ஆதரித்தன. அர்ஜென்டினா, ஜப்பான், தென் கொரியா ஆகிய மூன்றும் நடுநிலை வகித்தன. எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா மட்டுமே. அதைக் கண்டித்து அமெரிக்க வெளிநாட்டு உதவித் துறையின் மூத்த அதிகாரிகள் இருவர் பதவி விலகினார்கள்.

இந்த நெறிமுறை பால் பவுடர் விற்பதைத் தடை செய்யவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். தாயை இழந்த குழந்தைக்கும், மருத்துவக் காரணத்தால் தாய்ப்பால் பெற இயலாத குழந்தைக்கும் அது தேவை. விற்பனையைப் பெருக்கும் உத்திகளைத்தான் நெறிமுறை தடுக்கிறது. பொதுமக்களுக்கு விளம்பரம் கூடாது. தாய்மாருக்கு இலவச மாதிரி கூடாது. விற்பனையாளர் தாய்மாரை நேரில் அணுகக் கூடாது. எவ்வளவு விற்றது என்பதை வைத்து ஊழியருக்குப் போனஸ் கணக்கிடக் கூடாது. டப்பாவில் குழந்தையின் படம் கூடாது என்பன அதன் முக்கிய விதிகள்.

நெறிமுறையிலிருந்து சட்டத்திற்கு

பேரவையில் நிறைவேறிவிட்டால் நாளை முதல் டப்பா மாறிவிடுமா? மாறாது. உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உள்ளன. உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குவிதியாக ஒன்றை இயற்றுவது ஒரு வழி. பரிந்துரையாக வெளியிடுவது மற்றொரு வழி. இந்த நெறிமுறை பரிந்துரையாகவே நிறைவேறியது. அத்தனை நாடுகளின் ஆதரவைப் பெறுவதற்குக் கொடுத்த விலை அது. பரிந்துரையை மீறினால் யாரையும் தண்டிக்க முடியாது. ஒவ்வொரு நாடும் அதைத் தன் சட்டமாக்கினால்தான் அதற்குப் பல் முளைக்கும்.

2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 144 நாடுகளில் நெறிமுறையின் ஏதாவதொரு பகுதியாவது சட்டமாக இருந்தது. ஆனால் நெறிமுறையோடு பெரிதும் ஒத்துப்போகும் சட்டம் 32 நாடுகளில்தான் இருந்தது.

இந்தியா 1983-இல் தன் தேசிய நெறிமுறையை வெளியிட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்து 1992-இல் குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள், பால் புட்டிகள், குழந்தை உணவுகள் பற்றிய சட்டம் வந்தது. 1993 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 2003-இல் செய்த திருத்தம் அதை மேலும் இறுக்கியது. இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான உணவுகள் எதற்கும் விளம்பரம் கூடாது என்றாயிற்று. மருத்துவர்களின் கருத்தரங்குகளுக்கு இந்த நிறுவனங்கள் பணம் கொடுப்பதும் தடுக்கப்பட்டது.

இந்தச் சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு பிரிவு உண்டு. அரசு அதிகாரிகளைத் தவிர, குழந்தை நலத்தில் ஈடுபட்டுள்ள தன்னார்வ அமைப்புகளும் மத்திய அரசின் அறிவிக்கை பெற்று நேரே நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. 1991-இல் தொடங்கப்பட்ட இந்தியத் தாய்ப்பால் ஊட்டல் ஊக்குவிப்பு வலையமைப்பும், மும்பையைச் சேர்ந்த ஒரு நுகர்வோர் அமைப்பும் இவ்வாறு அறிவிக்கப்பட்டவற்றுள் அடங்கும். தன்னார்வ அமைப்பின் கண்ணுக்கு அரசு தன் கையை இரவல் கொடுத்தது என்று சொல்லலாம்.

மருத்துவமனைக்குள்

விளம்பரத்தை நிறுத்துவது மட்டும் போதுமா? பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துத் தனி அறையில் வைத்தால், கடிகாரம் பார்த்துப் பால் கொடுக்கச் சொன்னால், சட்டம் இருந்தும் பயனில்லை. நம் ஊர்களில் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைச் சேனையாக வைக்கும் வழக்கமும் இருந்ததே! நோயெதிர்ப்புப் பொருள்கள் மிகுதியாக உள்ளது அந்தச் சீம்பாலில்தான்.

ஆகவே 1989-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் மகப்பேற்று மருத்துவமனைகளுக்காகப் பத்துப் படிகளை வகுத்தன. பிறந்தவுடன் தாய்ப்பால் தொடங்குதல், தாயும் சேயும் ஒரே இடத்தில் இருத்தல், மருத்துவக் காரணமின்றி வேறு எதையும் புகட்டாதிருத்தல் போன்றவை அவை. 1990-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில், பல நூற்றாண்டுகளாகக் கைவிடப்பட்ட குழந்தைகளைக் காத்துவந்த இன்னொசென்டி இல்லத்தில் பல அரசுகள் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டன. 1991-இல் பத்துப் படிகளைப் பின்பற்றும் மருத்துவமனைகளைச் "சேய்நட்பு மருத்துவமனை" என்று அங்கீகரிக்கும் திட்டம் தொடங்கியது. அந்தத் திட்டத்தில், நன்கொடையாகவோ சலுகை விலையிலோ வரும் பால் பவுடரை ஏற்காத மருத்துவமனைக்கே அங்கீகாரம் கிடைக்கும். அதே ஆண்டு தாய்ப்பாலுக்கான உலகக் கூட்டமைப்பு உருவாயிற்று. 1992 முதல் ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடப்படுகிறது.

தாய்ப்பாலைச் சப்ப இயலாத குழந்தைக்கு எடுத்த பாலைப் புகட்ட, நம் வீடுகளில் இருந்த பாலாடையே புட்டியைவிட மேலானது. மூடிய கழுத்தும் ரப்பர் காம்பும் இல்லாததால் அதை எளிதில் கழுவிச் சுத்தப்படுத்தலாம். இந்திய மருத்துவமனைகளின் சிசுப் பிரிவுகளில் அது இன்றும் பயன்படுகிறது.

ஆறு மாதத்திற்குப் பிறகு

2001-இல் உலக சுகாதாரப் பேரவை, முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று பரிந்துரைத்தது. தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 விழுக்காடு தண்ணீர்தான். ஆகவே கோடையிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. ஆறு மாதத்திற்குப் பின் வீட்டு உணவைத் தொடங்கி, இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம்.

இந்தப் பருவத்திற்கு வேறு அமைப்புகள் துணைக்கு வருகின்றன. இந்தியாவில் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அங்கன்வாடிகள் ஆறு மாதம் முதல் துணை உணவு அளிக்கின்றன. 1980-இல் உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, வளர்ச்சி தடைப்பட்டவர்களுக்கு உடனே சத்துணவு கொடுத்தது.

டப்பாவுக்குள் இருக்கும் பொருளின் தரத்தை வகுப்பது இன்னொரு கூட்டு முயற்சி. உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் குழு அதைச் செய்கிறது. பால் பவுடர் கிருமியே இல்லாத பொருளன்று என்பதால், அதை 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத சுடுநீரில் கலக்கவேண்டும் என்று இவ்விரு நிறுவனங்களும் 2007-இல் வழிகாட்டின. கலந்த பாலை ஆறவைத்த பிறகே புகட்டவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

யாருக்கு எந்த நாற்காலி?

இவ்வளவையும் பார்த்தபின் ஒன்று விளங்குகிறது. மருத்துவரிடம் சான்று உண்டு, அதிகாரம் இல்லை. தன்னார்வ அமைப்பிடம் குரல் உண்டு, வாக்கு இல்லை. ஐ.நா. நிறுவனம் நாடுகளைக் கூட்டலாம், தண்டிக்க முடியாது. அரசு தண்டிக்கலாம், ஆனால் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பிரசவ அறையிலும் அதற்குக் கண் இல்லை. ஒருவரிடம் இல்லாததை மற்றவர் கொண்டுவந்ததால்தான் வேலை நடந்தது.

அப்படியானால் பால் பவுடர் நிறுவனங்களையும் கொள்கை வகுக்கச் சேர்த்துக்கொள்ளலாமே என்ற கேள்வி எழும். 1979-இல் அவர்களும் மேசையில் இருந்தார்களே? கருத்துக் கேட்பது வேறு, முடிவெடுக்கும் இடத்தில் உட்கார வைப்பது வேறு. தாய்ப்பால் கூடினால் தம் விற்பனை குறையும் என்ற நிலையில் உள்ளவர், தாய்ப்பாலைக் கூட்டும் திட்டத்தை எப்படி வகுப்பார்? அவர் கெட்டவர் என்பதன்று இதன் பொருள். அவருடைய கணக்குப் புத்தகம் வேறு. 2002-இல் பேரவை ஏற்ற உலகளாவிய செயல்திட்டம் இந்த நிறுவனங்களுக்கு இரண்டு கடமைகளை மட்டும் வரையறுத்தது. பொருள் கோடெக்ஸ் தரத்தில் இருக்கவேண்டும். நடத்தை நெறிமுறைப்படி இருக்கவேண்டும்.

இந்த எச்சரிக்கை இன்றும் தேவைப்படுகிறது. 2022-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் வெளியிட்ட ஆய்வில், எட்டு நாடுகளில் சுமார் 8,500 பெற்றோரிடமும் கருவுற்ற பெண்களிடமும் விசாரித்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பால் பவுடர் விளம்பரத்திற்கு உள்ளானதாகத் தெரிந்தது. விளம்பரம் சுவரை விட்டுக் கைபேசிக்குள் வந்துவிட்டது. மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கென விற்கும் பால்களும் தாய்ப்பாலுக்கு மாற்றே என்று 2016-இல் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

பலனும் இல்லாமல் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி, இந்தியாவில் ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெற்றவர்கள் 2015-16-இல் 55 விழுக்காடு; 2019-21-இல் 64 விழுக்காடு. தமிழ்நாட்டில் இது 48-லிருந்து 55 ஆக உயர்ந்தது. அதாவது நம் மாநிலத்தில் இன்னும் பாதிக்குச் சற்று மேல்தான். வேலைக்குச் செல்லும் தாய்க்கு விடுப்பும், பச்சை உடம்புக்காரிக்கு வீட்டாரின் துணையும் கிடைக்காமல் சட்டம் மட்டும் இந்த எண்ணை உயர்த்திவிடாது.

1981-இன் நெறிமுறையில் கடைசிப் பகுதியில் ஒரு வாசகத்தின் கருத்து இது: விதிமீறலைச் சுட்டிக்காட்டும் பொறுப்பு அமைப்புகளுக்கு மட்டுமன்று, தனி மனிதர்களுக்கும் உண்டு. ஆகவே அடுத்த முறை மருந்துக் கடைக்குச் செல்லும்போது அந்த அலமாரியைப் பாருங்கள். டப்பாவில் குழந்தை சிரித்தாலோ, மருத்துவமனையில் இலவச டப்பா கைமாறினாலோ, அதைச் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கலாம். எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நீளும் இந்தக் கூட்டு வேலையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.